எப்படித் திறக்கவில்லை?

“பக்கம் திறக்கவில்லை” என்று போன் செய்கிறவர்கள், எப்படித் திறக்கவில்லை என்பதை மட்டும் சொல்லவே மாட்டார்கள். கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த வருடங்களில், நான் கேட்கிற முதல் கேள்வி அதுதான். தட்டியவுடனே மறுத்ததா? ரொம்ப நேரம் சுற்றிவிட்டுக் கைவிரித்ததா? வெள்ளைப் பக்கமாக வந்து நின்றதா? 502 மாதிரி ஏதாவது எண் வந்ததா? “அதெல்லாம் பாக்கலீங்க மேடம். திறக்கல, அவ்ளோதான்” என்பார்கள்.

கொடுத்த பணத்தைக் கேட்டு ஒருவர் வீட்டுக்குப் போகிறோம். “அவர் இல்லைங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தால் அது ஒரு வகை. எவ்வளவு தட்டினாலும் ஒரு சத்தமும் வராவிட்டால் அது வேறு வகை. முதலாவதில் வீடு சரி, வழி சரி, ஆள்தான் இல்லை. இரண்டாவதில் சரியான வீட்டுக்குத்தான் வந்தோமா என்பதே நிச்சயமில்லை. 1981 செப்டம்பரில் வந்த டிசிபி விதிமுறை, ஆர்எஃப்சி 793, இதற்கு அப்போதே வழி சொல்லிவிட்டது. யாரும் காத்திருக்காத போர்ட்டுக்கு இணைப்புக் கோரிக்கை வந்தால், ‘ரீசெட்’ என்ற சிறு பாக்கெட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதைத்தான் பிரவுசர் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று காட்டுகிறது. ஃபயர்வால்கள் பெரும்பாலும் இந்த மரியாதையைக்கூடச் செய்வதில்லை. வந்த பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அனுப்பியவர் காத்திருந்து அலுத்து ‘டைம்டு அவுட்’ என்று காட்டுவார். மறுப்பு கிடைத்தால் எனக்கு நிம்மதி. மௌனம்தான் வயிற்றைக் கலக்கும்.

2019இல் திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர் ஒருவருக்கு எங்கள் அலுவலகம் ஒரு அப்ளிகேஷன் செய்துகொடுத்தது. ஐரோப்பாவில் இருக்கும் பையர்கள் தங்கள் ஆர்டர் எங்கே நிற்கிறது என்று தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்: நிட்டிங் முடிந்ததா, டையிங்கில் கிடக்கிறதா, தையலுக்கு வந்ததா, செக்கிங், பேக்கிங் எப்போது. பையர் மின்னஞ்சலில் கேட்பதும், மெர்ச்சண்டைசர் ஒவ்வொரு யூனிட்டுக்கும் போன் போட்டு விசாரித்துப் பதில் எழுதுவதுமாக இருந்த பாட்டை ஒழிப்பதுதான் நோக்கம். கல்லூரி முடித்துப் புதிதாக வந்திருந்த இரண்டு பையன்கள் பைத்தானில், ஃபிளாஸ்க் வைத்து எழுதினார்கள். நன்றாகவே எழுதியிருந்தார்கள். அதை டாக்கர் கண்டெய்னரில் போட்டு, அமேசானின் மும்பை மையத்தில் வாங்கிய உபுண்டு சர்வரில் ஏற்றினார்கள். உரிமையாளரிடம் திங்கட்கிழமை பார்க்கலாம் என்று வாக்கும் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை திறக்கவில்லை.

உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. “ஏங் கண்ணு, தொறந்துச்சா?” என்று காலையில் ஒரு போன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு போன். கோபப்பட மாட்டார். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருக்கலாம்.

நான் அந்த வேலையில் இல்லை. திறக்காமல் போன பிறகுதான் என்னிடம் வந்தது. “லேப்டாப்ல சூப்பரா ஓடுதுக்கா. அங்க போனா மட்டும் வரமாட்டேங்குது” என்றான் இருவரில் மூத்தவன். இந்தப் புலம்பலுக்கு மருந்தாகத்தான் டாக்கர் வந்தது என்பது வேடிக்கை. 2013 மார்ச்சில், கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் நடந்த பைகான் மாநாட்டில், சாலமன் ஹைக்ஸ் ஐந்தே நிமிடப் பேச்சில் அதை அறிமுகம் செய்தார். நிரலும் அதற்குத் தேவையான நூலகங்களும் எல்லாம் ஒரே கட்டாக. எங்கே இறக்கினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். அந்த வாக்கை டாக்கர் காப்பாற்றித்தான் இருக்கிறது. ஆனால் கட்டுக்கு வெளியே இருப்பது கட்டுக்குள் வருவதில்லையே. சர்வரின் ஃபயர்வால், கிளவுடின் செக்யூரிட்டி குரூப், இடையிலுள்ள முகவரி மாற்றம், பார்க்கிறவரின் அலுவலக இணைப்பு, கடைசியில் பிரவுசரின் சொந்தப் பிடிவாதங்கள். இதில் ஒன்றுகூட லேப்டாப்பில் குறுக்கே வராது.

பையன் அதற்குள் கை வைக்காத இடமில்லை. கண்டெய்னரைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருந்தான். டாக்கரையே கழற்றி மறுபடி நிறுவியிருந்தான். போர்ட் எண்ணை மாற்றியிருந்தான். செக்யூரிட்டி குரூப்பில் எல்லா போர்ட்டுகளையும் உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டிருந்தான். ஒன்றை மாற்றினால் என்ன மாறியது என்று பார்க்காமலேயே அடுத்ததை மாற்றுவது. இந்தப் பழக்கத்தின் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. நல்லவேளையாக, ஒவ்வொரு தடவையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். எல்லாவற்றிலும் பிரவுசர் காட்டும் அதே முகம் வாடிய காகிதப் படம். அதன் அடியில் ‘இன்னும் வரலை’ என்ற அவன் வரி.

அவற்றை நேர வரிசையில் வைத்துப் பார்த்தேன். காகிதப் படம்தான் ஒன்று. அடியில் சின்ன எழுத்தில் இருந்த காரணம் மூன்று இடத்தில் மூன்று விதம். முதலில் டைம்டு அவுட். பிறகு ரெஃப்யூஸ்டு. கடைசியில் ‘அன்சேஃப் போர்ட்’. அவன் ஒரே கோளாறோடு மல்லுக்கட்டுவதாக நினைத்திருந்தான். உண்மையில் ஒன்றைத் தாண்டி இன்னொன்றில் போய் மாட்டிக்கொண்டிருந்தான். முன்னேறியது தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதல் வேலையாக பிரவுசரை மூடச் சொன்னேன். கோளாறு பார்க்கும்போது பிரவுசரைப் போல நம்பக்கூடாத சாட்சி கிடையாது. பழைய பக்கத்தைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் காட்டும். நாம் எச்டிடிபி என்று அடித்தால், அந்தத் தளம் ஒருமுறை சொல்லி வைத்ததை நினைவில் வைத்துக்கொண்டு எச்டிடிபிஎஸ் பக்கம் போய் நிற்கும். பதிலாக கர்ல் இருக்கிறது. சுவீடன்காரரான டேனியல் ஸ்டென்பெர்க் 1998இல் வெளியிட்டு இன்றும் பராமரித்துவருகிற கருவி. சொன்னதைச் செய்யும், நடந்ததைச் சொல்லும்.

உள்ளேயிருந்து வெளியே வருவது என் வழக்கம். சர்வருக்குள் நுழைந்து ‘டாக்கர் பிஎஸ்’ அடித்தோம். கண்டெய்னர் ஓடிக்கொண்டிருந்தது. சர்வரின் 6000, கண்டெய்னரின் 5000க்குப் போவதாக அம்புக்குறி காட்டியது. அம்புக்குறி இருப்பதே நல்ல செய்தி. டாக்கர்ஃபைலில் ‘எக்ஸ்போஸ்’ என்று எழுதிவிட்டால் போர்ட் திறந்துவிடும் என்று நம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது வெறும் குறிப்புதான். ஓட்டும்போது போர்ட்டைச் சேர்த்துக் கொடுத்தால்தான் அம்புக்குறி வரும்.

அடுத்து, சர்வருக்குள்ளிருந்தே 127.0.0.1இன் 6000க்கு கர்ல் அடித்தோம். ‘கனெக்‌ஷன் ரீசெட் பை பியர்.’

“அதேதான்க்கா, வரலை.”

“அதே இல்லப்பா. இது ரெஃப்யூஸ்டு இல்லை, ரீசெட். யாரோ கதவைத் திறந்துட்டு அப்புறம் சாத்தியிருக்காங்க.”

சர்வருக்குள்ளிருந்து இந்த முகவரிக்குப் போகும் இணைப்பை டாக்கரின் துணைநிரல் ஒன்று வாங்கி, கண்டெய்னருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கப் பார்க்கும். அங்கே வாங்கிக்கொள்ள ஆளில்லை என்றால் வாங்கியதைத் துண்டித்துவிடும். வெளியிலிருந்து வரும் இணைப்பு இந்த இடைத்தரகரைத் தொடாமல் நேராகக் கண்டெய்னருக்கே திருப்பிவிடப்படும். அங்கே ஆளில்லாவிட்டால் கண்டெய்னரே மறுத்துவிடும். ஸ்கிரீன்ஷாட்டில் ரெஃப்யூஸ்டு, இங்கே ரீசெட். இரண்டும் சுட்டும் இடம் ஒன்றுதான். கோளாறு கண்டெய்னருக்குள்.

‘டாக்கர் லாக்ஸ்’ அடித்ததும் விஷயம் வெளியே வந்தது. 127.0.0.1இல், 5000ஆம் போர்ட்டில் ஓடுகிறேன் என்று ஃபிளாஸ்க் ஒரு வரி எழுதியிருந்தது. பையன் அதைப் பலமுறை பார்த்திருக்கிறான். ஓடுகிறது என்கிற சொல் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

127.0.0.1 என்பது ஒரு கணினி தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் முகவரி. அங்கே காத்திருக்கும் நிரல், அதே கணினியில் இருப்பவர்களுக்கு மட்டுமே பதில் சொல்லும். லேப்டாப்பில் பிரவுசரும் நிரலும் ஒரே இடத்தில் இருந்ததால் எல்லாம் சுபம். ஆனால் லினக்ஸ் கர்னலில் இருக்கும் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்ற வசதியை வைத்து, டாக்கர் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் தனி வலைப்பின்னலை அமைத்துக்கொடுக்கிறது. கண்டெய்னருக்கென்று தனி 127.0.0.1 உண்டு, சர்வருடையது வேறு. வெளியிலிருந்து வருகிற இணைப்போ 172இல் தொடங்கும் இன்னொரு முகவரி வழியாகக் கண்டெய்னருக்குள் வருகிறது. அந்தப் பக்கம் ஃபிளாஸ்க் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லா முகவரிகளிலும் காத்திரு என்று பொருள்படும் 0.0.0.0 என்பதைக் கொடுத்து மறுபடி ஓட்டினோம். கர்ல் 200 என்றது.

“இதை முதல்லயே அப்படி வச்சிருக்கலாமேக்கா” என்று பையன் சலித்துக்கொண்டான். வைக்காததற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஃபிளாஸ்க்கின் டீபக்கர், பிழை வந்த பக்கத்திலேயே பைத்தான் கட்டளைகளை இயக்க இடம்கொடுக்கும். காபிக் கடை வைஃபையில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவரின் லேப்டாப்பை, பக்கத்து மேசைக்காரர் ஓட்டுவதற்கு அது போதும். ரெயில்ஸின் சர்வரும் 2014 டிசம்பரில் வந்த 4.2 பதிப்பிலிருந்து லோக்கல்ஹோஸ்டுக்குள் அடங்கிவிட்டது. திறக்கவில்லை என்று இன்று திட்டு வாங்குகிற பல ஏற்பாடுகள், நேற்று திறந்துகிடந்ததால் அடிபட்டவர்கள் வைத்தவை. எங்கள் கண்டெய்னரில் டீபக்கரை அணைத்து, ஃபிளாஸ்க்கின் சொந்த சர்வரை எடுத்துவிட்டு கூனிகார்னை வைத்தோம். அதுவும் சொல்லாவிட்டால் 127.0.0.1இல்தான் உட்காரும்.

இப்போது என் லேப்டாப்பிலிருந்து கர்ல் அடித்தாலும் பக்கம் வந்தது. பிரவுசரில் மட்டும் அன்சேஃப் போர்ட். பையன் முகம் சுருங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் இது சர்வர் சம்பந்தப்பட்டதே இல்லை. 6000 என்பது யூனிக்ஸ் திரைகளை இயக்கும் எக்ஸ்11 அமைப்பின் போர்ட். ஏதோ ஒரு வலைப்பக்கம் நம் பிரவுசரைக் கருவியாக்கி வேறு சேவைகளுக்குத் தப்பான கட்டளை அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக, பிரவுசர்கள் சில போர்ட்டுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகவே மறுக்கும். 6000 அதில் உண்டு. ஐஆர்சியின் 6665 முதல் 6669 வரையும் உண்டு. 65,535 போர்ட்டுகள் இருக்க, அவன் தேடிப்பிடித்தாற்போல இதில் போய் விழுந்திருந்தான். 8080க்கு மாற்றினோம். திறந்தது.

முதல் ஸ்கிரீன்ஷாட்டில் இருந்த மௌனத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிளவுட் சர்வரில் நாம் அனுமதித்தவை தவிர உள்ளே வரும் எதையும் செக்யூரிட்டி குரூப் நிறுத்திவிடும், பதிலும் அனுப்பாது. அன்று அவன் வைத்திருந்த போர்ட் அதில் அனுமதிக்கப்பட்டிருக்கவில்லை. அதற்கும் முன்னால், சர்வருக்குள் பார்த்த 172.31 என்று தொடங்கும் முகவரியைப் பிரவுசரில் அடித்துக்கொண்டிருந்தானாம். அது அந்த வலைப்பின்னலுக்குள் மட்டும் செல்லுபடியாகும் தனி முகவரி. பொது முகவரி எதுவென்று சர்வருக்கே தெரியாது. மாற்றித் தருவது வெளியே இருக்கும் கிளவுட்.

உரிமையாளருக்கு நானே போன் செய்தேன். “திறந்திருச்சுங்கய்யா, பாருங்க.” கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

“எங்க கண்ணு, சுத்திக்கிட்டே இருக்குது.”

கோவையில் திறக்கிறது, திருப்பூரில் திறக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் எனக்கு உற்ற துணை டிசிபிடம்ப். 1988 வாக்கில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் எழுதப்பட்டது. சர்வரின் வாசலில் வந்து போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் காட்டும். அதை ஓடவிட்டு, அவரை மறுபடி பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். திரையில் ஒரு வரிகூட வரவில்லை. அவர் அனுப்பியது எங்கள் வாசலுக்கே வந்து சேரவில்லை. சர்வரில் இனி ஒன்றையும் தொட வேண்டியதில்லை என்று அந்த வெறும் திரை சொல்லிவிட்டது.

“உங்க ஆபீஸ் வைஃபைய அணைச்சிட்டு, போன் டேட்டாவுல பாருங்கய்யா.”

“அட, வந்துருச்சு கண்ணு!”

அவர்கள் அலுவலகத்தில் யாரோ எப்போதோ வைத்த ஃபயர்வால், வெளியே போக 80, 443 இரண்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தது. வைத்தவரின் போன் எண் யாரிடமும் இல்லை. அது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. பையர்களின் அலுவலகங்களிலும் இப்படித்தான் இருக்கும். ஐரோப்பாவில் ஒவ்வொரு கம்பெனியின் ஃபயர்வால்காரரையும் தேடிக்கொண்டு போக முடியுமா? முன்னால் எஞ்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வரை வைத்து, ஒரு டொமைன் பெயர் வாங்கி, லெட்ஸ் என்கிரிப்ட்டின் இலவசச் சான்றிதழோடு 443இல் கொடுத்தோம். அன்றைக்கே செய்திருக்க வேண்டிய ஏற்பாடு அதுதான்.

நடுவில் ஒரு கூத்து. மாதக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு உரிமையாளர், “ராத்திரி யாரும் பாக்கறதில்லையே, அமத்தி வெச்சா என்ன?” என்று கேட்டார். மில்லில் ஓடாத மெஷினுக்குக் கரண்ட் கொடுக்க மாட்டார்கள், நியாயமான கேள்விதான். அமத்தி வைத்தார்கள். காலையில் எழுப்பினால் சர்வருக்கு வேறு பொது முகவரி, பெயரோ பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தி எழுப்பினால் பொது முகவரி மாறிவிடும்; மாறாமல் இருக்க அதைத் தனியாக வாங்கி ஒட்டிவைக்க வேண்டும். வாங்கினோம்.

எல்லாரும் கைகுலுக்கிக்கொண்ட பிறகுதான், எனக்கு உறுத்திக்கொண்டிருந்த ஒன்றைப் பார்த்தேன். செக்யூரிட்டி குரூப்பில் பையன் திறந்துவிட்ட அந்த ‘எல்லாம்’ இன்னும் அப்படியே இருந்தது. “பரவாயில்லக்கா, சர்வருக்குள்ள யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கேன். 22, 80, 443 தவிர எல்லாம் மூடித்தான் இருக்கு” என்றான். காட்டவும் செய்தான், பட்டியலில் மற்றதெல்லாம் மறுக்கப்படும் என்றுதான் இருந்தது. அன்றிரவு வீட்டிலிருந்து, என் சொந்த இணைப்பில், அந்த சர்வரின் 5432ஐத் தட்டிப் பார்த்தேன். அப்ளிகேஷனின் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் பதில் சொன்னது.

யுஎஃப்டபிள்யூவின் பட்டியல் பொய் சொல்லவில்லை. அதன் விதிகள், சர்வருக்கென்று வரும் பாக்கெட்டுகள் போகிற பாதையில் நிற்கின்றன. நாம் ஒரு போர்ட்டை வெளியிடும்போது, டாக்கர் லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் அதற்கும் முந்தைய கட்டத்திலேயே தன் விதியை எழுதி, பாக்கெட்டின் சேருமிடத்தைக் கண்டெய்னரின் முகவரிக்கு மாற்றிவிடும். அதன் பிறகு அது சர்வருக்கு வந்த பாக்கெட் இல்லை, சர்வர் வழியாகக் கடந்துபோகும் பாக்கெட். யுஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் பாதைக்கே அது போவதில்லை. டாக்கரின் ஆவணத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கும் விஷயம் இது. கண்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸ் கோப்பில் தரவுத்தளத்துக்கும் ஒரு போர்ட் வரி இருந்தது. பையன்கள் லேப்டாப்பில் வைத்துப் பார்ப்பதற்காக எழுதி, அப்படியே சர்வருக்கும் வந்துவிட்டது.

போஸ்ட்கிரெஸின் பதிவேட்டைத் திறந்தேன். கடவுச்சொல் தவறு, கடவுச்சொல் தவறு என்று பக்கம் பக்கமாக. எந்தெந்த நாட்டு முகவரிகளோ. 2017 ஜனவரியில் இப்படிக் கடவுச்சொல்லே இல்லாமல் திறந்துகிடந்த மாங்கோடிபி தரவுத்தளங்களை, ஆயிரக்கணக்கில், துடைத்துவிட்டுப் பிணைப்பணம் கேட்டார்கள். எங்கள் பையன்கள் நீளமான கடவுச்சொல் வைத்திருந்தார்கள். அந்த ஒன்றுதான் இடையில் நின்றது. உள்ளே நுழைந்த தடயம் எதுவும் இல்லை.

அந்தப் போர்ட் வரியை எடுத்துவிட்டோம். ஒரே கம்போஸில் இருக்கும் கண்டெய்னர்கள் பெயர் சொல்லித் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். அதற்கு எந்தப் போர்ட்டையும் வெளியிட வேண்டியதில்லை. அப்ளிகேஷனின் 8080ஐ 127.0.0.1உடன் சேர்த்து எழுதினோம்; எஞ்ஜின்எக்ஸ் தவிர வேறு யாரும் நேராகத் தொட முடியாது. திறக்காமல் எங்களை அலைக்கழித்த அதே முகவரி இங்கே காவலுக்கு உதவியது. செக்யூரிட்டி குரூப்பில் ‘எல்லாம்’ போயிற்று. எஸ்எஸ்எச்சுக்கு எங்கள் அலுவலக முகவரி மட்டும்.

உரிமையாளரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “பையர் ரேட்டெல்லாம் வெளிய போகல இல்ல கண்ணு?” யாருக்கு என்ன விலைக்குக் கொடுக்கிறோம் என்பதுதான் திருப்பூரில் தொழிலின் உயிர். போகவில்லை என்று சொல்ல முடிந்தது. பக்கம் திறக்காத நாட்களில் காலையும் மதியமும் போன் செய்தவர் அவர். தரவுத்தளம் திறந்துகிடந்த நாட்களில் ஒருவரிடமிருந்தும் ஒரு போனும் வரவில்லை. மூடவில்லை என்று புகார் சொல்ல யார் இருக்கிறார்கள்?

உங்கள் அப்ளிகேஷன் பிரவுசரில் திறந்துவிட்டால் சந்தோஷப்படுங்கள். அன்றிரவே வீட்டுக்குப் போய், அலுவலக இணைப்புக்கு வெளியே இருந்து, உங்கள் சர்வரில் தரவுத்தளங்கள் வழக்கமாகக் காத்திருக்கும் 5432, 3306, 6379, 27017 ஆகியவற்றையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். மறுப்போ மௌனமோதான் வர வேண்டும். வேறு எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.